கழற்றிப் பார்த்துக் கற்றவர்

சென்னையில் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளின் பழைய வீடுகள் சிலவற்றில் இன்றும் துணிப்போர்வைக்குள் ஒரு பழைய மகிழுந்து நின்றுகொண்டிருக்கும். மோரிஸ் மைனர், ஆஸ்டின், சென்னையை அடுத்த தொழிற்சாலையிலேயே உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு எனப் பெயர்கள் வேறுபடும். ஞாயிற்றுக்கிழமைகளில், போக்குவரத்து மிகுவதற்கு முன்னரே அவ்வண்டிகள் கடற்கரைச் சாலையில் உலா வருவதுண்டு. அவற்றுள் சில, அடையாற்றைக் கடக்கும் பாலத்தின் இறக்கத்தில் மெல்ல உருண்டு வந்து, மீண்டும் வேகமெடுக்கும் நொடியில் பின்புறம் நீலப்புகையைக் கக்கும். பார்ப்பவருக்கு அது வெறும் புகை. கைதேர்ந்த மெக்கானிக்குக்கோ அதுவே நோயின் பெயர். வால்வு கைடு தேய்ந்துவிட்டது என்பதை வண்டியின் மூடியைத் திறக்காமலே அவர் சொல்லிவிடுவார்.

எஞ்சினின் உருளைக்குள் எரிபொருளும் காற்றும் நுழைவதற்கும், எரிந்தபின் எஞ்சிய வாயு வெளியேறுவதற்கும் வாயிற்கதவுகளாக அமைந்தவை வால்வுகள். ஒவ்வொரு வால்வும் அகன்ற தலையும் நீண்ட தண்டும் கொண்ட காளான் வடிவ எஃகுத் துண்டு. அத்தண்டு பக்கவாட்டில் ஆடாமல் ஏறி இறங்குவதற்கு அதனைச் சுற்றி அணைத்து நிற்கும் சிறு குழாயே வால்வு கைடு. எஞ்சின் நிமிடத்திற்கு 3000 முறை சுழலும்போது ஒரு வால்வு நிமிடத்திற்கு 1500 முறை திறந்து மூடுகிறது. தண்டுக்கும் கைடுக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கே. ஏறக்குறைய ஒரு தலைமயிரின் தடிமன். பல்லாயிரம் மைல் ஓடியபின் அவ்விடைவெளி பெரிதாகிறது. இறக்கத்தில் வண்டி உருளும்போது எஞ்சினின் உள்ளே உண்டாகும் வெற்றிடம், அந்த இடைவெளி வழியே எண்ணெயை உறிஞ்சிக்கொள்கிறது. மீண்டும் எரிபொருள் பாயும்போது அந்த எண்ணெய் எரிந்து நீலப்புகையாகிறது.

பழுதைச் சீர்செய்வது பொறுமையைக் கோரும் பணி. எஞ்சினைப் பிரித்து, சுருள்வில்லைக் கழற்றி, வால்வின் தலையைப் பிடித்து அசைத்து அதன் ஆட்டத்தைக் கைவிரலாலேயே உணர வேண்டும். தேய்ந்த கைடை அழுத்தி வெளியேற்ற வேண்டும். புதிய கைடு கடைகளில் கிடைத்தால் நன்று. புதுப்பேட்டையின் உதிரிபாகக் கடைகளிலும் கிடைக்காவிட்டால், வார்ப்பிரும்பிலோ வெண்கலத்திலோ லேத்துப் பட்டறையில் கடைந்துகொள்ள வேண்டும். துளையைவிட அது மிகச் சிறிதளவு பெரிதாக இருத்தல் வேண்டும். இல்லையேல் வெப்பத்தில் கழன்றுவிடும். உள்ளே செலுத்தியபின் அதன் உட்புறத்தை ரீமரால் உரிய அளவுக்கு விரிக்க வேண்டும். பின்னர், வால்வு வந்து அமரும் இருக்கையைப் புதிய கைடின் நடுக்கோட்டுக்கு ஏற்பச் செதுக்கி, பசை தடவித் தேய்த்து, ஒளிக்கீற்றும் நுழையாதபடி பொருத்த வேண்டும். புத்தகத்தைப் படித்து இதன் வரிசையை அறியலாம். எவ்வளவு ஆட்டம் மிகை, எவ்வளவு இறுக்கம் ஆபத்து என்பதைக் கை மட்டுமே அறியும்.

கையின் இந்த அறிவையே தம் முதற்கல்வியாகக் கொண்டு, பேருந்து முதலாளியாகவும் தொழிற்சாலை நிறுவனராகவும் பொறியியல் கல்லூரி முதல்வராகவும் உயர்ந்த ஒருவர் கொங்கு நாட்டில் வாழ்ந்தார். கோபால்சாமி துரைசாமி நாயுடு என்னும் ஜி.டி. நாயுடுவே அவர்.

பள்ளியை வெறுத்த சிறுவன்

கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு மார்ச்சு 23ஆம் நாள் துரைசாமி பிறந்தார். தந்தை கோபால்சாமி பருத்தி விளைவித்த வேளாண் குடியினர். இளமையிலேயே தாயை இழந்த சிறுவனுக்குப் பள்ளி பிடிக்கவில்லை. கட்டாயப்படுத்தி அமர வைத்த ஆசிரியர்மீது மண்ணை வாரி வீசிவிட்டு ஓடியதாக அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகின்றனர். தொடக்கக் கல்வியோடு பள்ளி வாழ்க்கை முடிந்தது. தந்தையின் நிலத்தில் வேலை பார்த்தார். கிடைத்த தமிழ் நூல்களைத் தாமே படித்தார்.

பள்ளியை வெறுத்தவர் என்பதனால் அவர் கற்பதை வெறுத்தவர் என்று கருதிவிடக் கூடாது. கேட்டதை ஒப்பிப்பதில் அவருக்கு விருப்பம் இல்லை. ஒரு பொருள் எவ்வாறு இயங்குகிறது என்பதைக் காணாமல் அவருக்கு உறக்கமும் இல்லை. அந்த இயல்புக்கு ஏற்ற ஆசிரியர் மனித வடிவில் வரவில்லை.

ஒரு மோட்டார் சைக்கிள்

அக்காலத்தில் கலங்கல் வழியே ஆங்கிலேய அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். லங்காஷயர் என்பது அவர் பெயர். மாடும் குதிரையும் இழுக்காமல் தானே ஓடும் வண்டியைக் கண்ட துரைசாமியின் மனம் அதனிடமே தங்கிவிட்டது. அதனை வாங்க வேண்டுமென்றால் பணம் வேண்டும். வீட்டைவிட்டுக் கோயம்புத்தூருக்குச் சென்று, ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். நில உடைமையாளரின் மகன் எச்சில் இலை விழும் இடத்தில் நின்று பணிபுரிவதை அன்றைய ஊரார் பெருமையாகக் கருதியிருக்க மாட்டார்கள். அவரோ சில ஆண்டுகள் அவ்வேலையில் இருந்து, சிறுகச் சிறுகச் சில நூறு ரூபாய் சேர்த்து, அந்த அதிகாரியிடமே சென்று அதே வண்டியை விலைக்கு வாங்கினார்.

அது 1912ஆம் ஆண்டைச் சேர்ந்த ரட்ஜ் என்னும் ஆங்கிலேய நிறுவனத்தின் தயாரிப்பு. ஒற்றை உருளை எஞ்சின், பின்சக்கரத்தைப் பட்டையால் சுழற்றும் அமைப்பு, கண்ணெதிரே துள்ளும் சுருள்வில் என அக்கால மோட்டார் சைக்கிள்கள் தம் உள்ளுறுப்புகளை மறைத்துக்கொள்ளாதவை. இக்காலத்து வண்டிகளில் எஞ்சினைக் காண்பதற்கே பல மூடிகளை நீக்க வேண்டியிருக்கிறது. ரட்ஜ் வண்டியோ, படிக்கத் தெரிந்தவர் முன் விரித்து வைத்த ஏடு போன்றது.

வாங்கிய வண்டியில் ஊர் சுற்றுவதே இளைஞர் இயல்பு. துரைசாமி அதனைக் கழற்றினார். ஒவ்வொரு பாகமாகப் பிரித்தெடுத்து, எது எதனோடு இணைகிறது, எது அசையும்போது எது அசைகிறது என்று நோக்கி, மீண்டும் பூட்டி ஓட்டினார். வழிகாட்டும் நூல் இல்லை. கேட்டறிய ஆளும் இல்லை. பிரிப்பது எளிது. பூட்டிய வண்டி மறுபடி ஓட வேண்டும் என்பதே தேர்வு. அத்தேர்வில் மதிப்பெண் குறைத்துப் போடுவதற்கோ கூட்டிப் போடுவதற்கோ இடம் இல்லை. அவர் வண்டி ஓடியது. ஊரில் மோட்டார் வண்டி பழுதானால் அழைக்கப்படும் ஆளாக அவர் மாறியது அதன்பின்னரே.

பருத்தியில் இழந்ததும் பேருந்தில் பெற்றதும்

எனினும் அவர் உடனே எஞ்சின்களின் உலகுக்குள் நுழைந்துவிடவில்லை. முதல் உலகப்போர்க் காலத்தில் பருத்தித் தொழில் கொழித்தது. அவரும் திருப்பூரில் அத்தொழிலில் இறங்கிப் பெரும்பொருள் ஈட்டினார். பம்பாய்ச் சந்தையில் பெருவணிகருக்கு இணையாக நிற்க முயன்று ஈட்டிய அனைத்தையும் இழந்தார். விலையின் ஏற்ற இறக்கத்தை அவரால் கழற்றிப் பார்க்க இயலவில்லை என்று சொல்லலாம். வெறுங்கையோடு ஊர் திரும்பியவருக்கு எஞ்சியிருந்தது கைத்திறன் ஒன்றே.

கோயம்புத்தூரின் தொழில் வளர்ச்சிக்கு வித்திட்டோருள் ஒருவரான இராபர்ட் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலேயர், அக்கைத்திறனைக் கண்டுகொண்டார். அவரது நிறுவனத்தில் பணியாற்றிய நாயுடு, அங்கே ஆங்கிலமும் பழகினார். முழுத்தொகையையும் முன்னரே பெறாமல், தவணைக் கடனில் ஒரு பேருந்தை ஸ்டேன்ஸ் அவருக்கு அளித்தார். 1920ஆம் ஆண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அப்பேருந்து ஓடத் தொடங்கியது. உரிமையாளரே ஓட்டுநர், அவரே மெக்கானிக்.

சென்னையில் 1794ஆம் ஆண்டு நிலஅளவைப் பள்ளியாகத் தோன்றி வளர்ந்த பொறியியல் கல்லூரி, கிண்டியில் உள்ள இன்றைய வளாகத்திற்குக் குடிபெயர்ந்ததும் அதே 1920ஆம் ஆண்டில்தான். மாகாணத்தின் பொறியாளர்கள் செங்கல் கட்டடத்தின் வகுப்பறைகளில் உருவாகிக்கொண்டிருந்த காலத்தில், மற்றொரு பொறியாளர் பழனிச் சாலையின் புழுதியில் வண்டிக்கு அடியில் படுத்துக் கற்றுக்கொண்டிருந்தார்.

பட்டறையே பள்ளி

ஒரு பேருந்து பலவாயிற்று. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெயரில் அமைந்த அவரது நிறுவனம், யு.எம்.எஸ். என்று மக்களால் அழைக்கப்பட்டது. 1930களில் இருநூற்றுக்கும் மேற்பட்ட வண்டிகள் அதன்கீழ் ஓடின. குறித்த நேரத்தில் புறப்பட்டுக் குறித்த நேரத்தில் சேர்வதற்கு அந்நிறுவனம் பெயர்பெற்றது.

நேரந்தவறாமை என்பது ஓட்டுநரின் ஒழுக்கத்தால் மட்டும் வருவதன்று. எஞ்சினின் நலத்தால் வருவது. அக்காலச் சாலைகள் பெரும்பாலும் தார் காணாதவை. காற்றோடு எஞ்சினுக்குள் புகும் நுண்ணிய புழுதி, எண்ணெயோடு கலந்து அரத்தூள் போல அராவும். உருளையும் பிஸ்டன் வளையமும் வால்வு கைடும் இன்றைய வண்டிகளைவிட விரைந்து தேய்ந்தன. உதிரிபாகங்களோ பெரும்பாலும் கடல் கடந்து வர வேண்டியவை. ஒரு சிறு குழாய் கப்பலில் வந்து சேரும்வரை ஒரு பேருந்தைக் கொட்டகையில் நிறுத்தி வைத்தால், இருநூறு வண்டிகளைக் கொண்ட நிறுவனம் எவ்வாறு பிழைக்கும்? எனவே பேருந்துக் கொட்டகையோடு பட்டறையும் வளர வேண்டியதாயிற்று. பழுதானதைச் சீர்செய்ய லேத்து வேண்டும். லேத்து இருந்தால் தேய்ந்த பாகத்தைப் போலப் புதியதொன்றைக் கடையலாம். கடையத் தெரிந்தவருக்கு, அதனைவிடச் சிறந்ததொன்றை ஏன் செய்யக் கூடாது என்னும் வினா தானே எழும். அன்றைய தமிழ்நாட்டில் பேருந்துத் தொழிலிலிருந்து பொறியியல் தொழில் கிளைத்த வரலாறு பெரிதும் இதுவே. மதுரையில் டி.வி.எஸ். நிறுவனமும் இத்தகைய வழியிலேயே வளர்ந்தது. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, கரிவாயுவால் பேருந்தை ஓட்டும் கருவிகளை அது செய்தளித்தது.

நாயுடு அந்த வினாவோடு 1932ஆம் ஆண்டு ஐரோப்பா சென்றார், பின்னரும் சென்றார். சென்ற இடங்களில் தொழிற்சாலைகளே அவரை ஈர்த்தன. கையில் எப்போதும் ஒளிப்படக் கருவி இருக்கும். 1936ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தை அவரே படம்பிடித்தார். உலர் மின்கலத்தால் இயங்கும் சிறு மோட்டாரைக் கொண்டு அவர் உருவாக்கிய முகச்சவரக் கருவி, ரேசண்ட் என்னும் பெயரில் செருமனியில் தயாரிக்கப்பட்டது. மிக மெல்லிய சவர அலகு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் இயங்கும் விசிறி, முறைகேடு செய்ய இயலாத வாக்குப்பதிவுக் கருவி என அவருடைய படைப்புகளின் பட்டியல் நீள்கிறது. அவற்றுள் பல, சந்தையைக் காணாமல் காட்சிக்கூடத்தோடு நின்றுவிட்டன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

நின்று நிலைத்தது ஒன்று உண்டு. கோயம்புத்தூர்ப் பீளமேட்டில் அவரது நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ் என்னும் தொழிற்கூடத்தில் 1937ஆம் ஆண்டு மின்மோட்டார் உருவாயிற்று. இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என்று அது போற்றப்படுகிறது. இப்பணியில் அவருக்குத் துணைநின்ற டி. பாலசுந்தரம், பின்னாளில் டெக்ஸ்டூல் நிறுவனத்தை நிறுவினார். எஞ்சினை அறிந்த கைகளுக்கு மின்மோட்டார் முற்றிலும் அயலான பொருளன்று. சுழலும் தண்டு தன் தாங்கியில் எவ்வளவு தளர்வாக, எவ்வளவு இறுக்கமாக அமர வேண்டும் என்னும் கணக்கு இரண்டிற்கும் பொது. இன்று கோயம்புத்தூர் வட்டாரத்திலிருந்து நாடெங்கும் செல்லும் நீரேற்று மோட்டார்களின் கதையை எழுதுவோர், பீளமேட்டின் அந்தப் பட்டறையிலிருந்தே தொடங்குகின்றனர்.

முதல்வர் பதவியும் ஒரு முரண்பாடும்

பள்ளியிலிருந்து ஓடியவர் கல்லூரி தொடங்கியது 1945ஆம் ஆண்டு. அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயரால் பல்தொழில்நுட்பப் பயிலகமும் பொறியியல் கல்லூரியும் கோயம்புத்தூரில் அமைவதற்கு நாயுடுவின் முயற்சியும் கொடையும் காரணமாயின. கல்லூரியின் முதல்வர் பொறுப்பையும் அவரே ஏற்றார். பட்டம் பெறாத ஒருவர் பொறியியல் பட்டக் கல்லூரியின் முதல்வராக அமர்ந்தது அக்காலத்திலும் வியப்புக்குரிய செய்தியே.

அப்பதவி நீடிக்கவில்லை. நான்காண்டுப் படிப்பு மாணவர் காலத்தை வீணாக்குகிறது, இரண்டாண்டுகளே போதும் என்பது அவர் கருத்து. வகுப்பறையில் கேட்டு எழுதும் நேரத்தைக் குறைத்துப் பட்டறையில் நிறுத்தினால் பாதிக் காலத்தில் பொறியாளரை உருவாக்கிவிடலாம் என்று அவர் நம்பினார். அரசு அதனை ஏற்கவில்லை. அவர் பதவியைத் துறந்தார்.

இதில் நாயுடுவின் பக்கம் முழு நியாயமும் இருந்தது என்று கூறுவதற்கில்லை. தேய்ந்த கைடைக் கழற்றிப் பார்த்தால் அது தேய்ந்திருப்பது தெரியும். வார்ப்பிரும்பு ஏன் எஃகைவிட அவ்விடத்தில் நன்றாக உழைக்கிறது என்பதை அறிய உலோகவியல் வேண்டும். பாலத்தின் தூண் எவ்வளவு சுமை தாங்கும் என்பதை உடைத்துப் பார்த்து அறிய முடியாது, அதற்குக் கணிதம் வேண்டும். தமக்கு வாய்த்த கூர்மை எல்லா மாணவர்க்கும் வாய்த்திருக்கும் என்று அவர் எண்ணியிருக்கலாம். ஆயினும், தேர்வில் வென்று பட்டறையில் திகைத்து நிற்கும் பொறியாளரைக் கண்டு அவர் கொண்ட சினம் பொய்யானதன்று. அவர் எழுப்பிய கேள்வி, இன்றுவரை பாடத்திட்டம் வகுப்போர் முன் விடை காணாமல் நிற்கிறது.

ஓடாத மகிழுந்து

எளிய மக்களுக்குக் கைக்கெட்டும் விலையில் பொருள் செய்து தர வேண்டும் என்பது அவரது நெடுநாள் விருப்பம். ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குத் தர இயலும் என்று 1941ஆம் ஆண்டு அவர் அறிவித்தார். வானொலியின் வால்வு என்பது மின்னணுக் குழாய். எஞ்சின் வால்வோடு அதற்குப் பெயர் ஒற்றுமை மட்டுமே உண்டு. 1952ஆம் ஆண்டு இருவர் அமரக்கூடிய பெட்ரோல் மகிழுந்து ஒன்றை உருவாக்கினார். அதன் விலை 2,000 ரூபாய். அதனைத் தொழில்முறையில் தயாரிப்பதற்கு அரசின் உரிமம் தேவைப்பட்டது, உரிமம் கிடைக்கவில்லை. அம்முயற்சி அத்துடன் நின்றது.

விடுதலை பெற்ற நாட்டில், எந்தத் தொழிற்சாலை எதனை எவ்வளவு செய்யலாம் என்பதை அரசு வரையறுத்த காலம் அது. அருகிய மூலப்பொருளையும் அயல்நாட்டுச் செலாவணியையும் காக்க வேண்டிய கட்டாயம் அரசுக்கு இருந்தது. அந்தக் கணக்கில், மூன்றாம் வகுப்பைத் தாண்டாத ஒருவரின் பட்டறையில் பிறந்த வண்டிக்கு இடம் இல்லாமற்போயிற்று. உரிமம் கிடைத்திருந்தால் அவ்வண்டி வென்றிருக்குமா, சாலையில் தோற்றிருக்குமா என்பதைச் சாலையே சொல்லியிருக்க வேண்டும். அந்த வாய்ப்பும் அதற்குத் தரப்படவில்லை. ரட்ஜ் வண்டியைப் பூட்டியபோது அவருக்குக் கிடைத்த நேர்மையான தேர்வு, அவரது மகிழுந்துக்குக் கிடைக்கவில்லை என்பதே வருந்தத்தக்கது.

வரிச்சுமையையும் கட்டுப்பாடுகளையும் கண்டு மனம் வெதும்பிய நாயுடு, தம் படைப்புகளைப் பொதுமக்கள் முன்னிலையில் உடைத்தெறிந்து எதிர்ப்பைக் காட்டியதும் உண்டு. அச்செயலைப் போற்றியோரும் இருந்தனர். உடைத்த பொருளை ஏழைகளுக்கு அளித்திருக்கலாமே என்று வருந்தியோரும் இருந்தனர். பின்னாளில் அவர் கவனம் வேளாண்மையின் பக்கமும் திரும்பியது. பருத்தியிலும் பப்பாளியிலும் புதிய வகைகளை உருவாக்க முயன்றார். 1967ஆம் ஆண்டு, காலையில் அடித்தளம் இட்டு மாலைக்குள் ஒரு வீட்டைக் கட்டி முடித்தும் காட்டினார்.

1974ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் ஜி.டி. நாயுடு மறைந்தார்.

கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் அவர் பெயரால் இயங்கும் அறநிலையத்தின் கார் அருங்காட்சியகம் உள்ளது. பல நாடுகளில், பல காலங்களில் உருவான மகிழுந்துகள் அங்கே அணிவகுத்து நிற்கின்றன. அதே சாலையில் பீளமேட்டைக் கடந்தால் ஹோப் காலேஜ் என்றொரு பேருந்து நிறுத்தம் வரும். அவர் தொடங்கிய கல்லூரி பல ஆண்டுகளுக்கு முன்பே அவ்விடத்தைவிட்டுத் தடாகம் சாலைக்கு மாறி, அரசு தொழில்நுட்பக் கல்லூரி என்னும் பெயரில் நடைபெற்று வருகிறது. நடத்துநர்கள் மட்டும் இன்னும் அந்தப் பழைய பெயரையே சொல்லிப் பயணிகளை இறக்கிவிடுகின்றனர்.